டெமோ எலெக்ட்ரிக் டிரக்கை லீசுக்கு எடுக்கறீங்களா? மாச வாடகையை விடுங்க, வண்டி விலையைப் பேசுங்க

கேள்வி: அண்ணா, நாங்க பெங்களூரு மர்ஃபி டவுன்ல இட்லி தோசை மாவு அரைச்சு கடைங்களுக்கும் மெஸ்ஸுங்களுக்கும் போடறோம். அல்சூர், இந்திராநகர், கம்மனஹள்ளி, ஃப்ரேசர் டவுன்னு காலைல 4 மணிக்குக் கிளம்பினா 10 மணிக்குள்ள முடிச்சுடுவோம், ஒரு நாளைக்கு 65 கிலோமீட்டர் மாதிரி ஓடும், மாசம் 26 நாள். இருக்கற டீசல் மினி டிரக் பழசாயிடுச்சு, செலவு தாங்கல. ஒரு டீலர்கிட்ட எலெக்ட்ரிக் மினி டிரக் பாக்கப் போனோம், புதுசு ஷோரூம் விலை 10 லட்சம். அவங்ககிட்டயே 9 மாசம் ஓடின டெமோ வண்டி ஒண்ணு நிக்குது, மீட்டர்ல 11,400 கிலோமீட்டர். 40,000 குறைச்சு 9,60,000 ரூபான்னு போட்டு லீசுக்குத் தரேங்கறாங்க, 36 மாசம், மாசம் 24,500 பிளஸ் ஜிஎஸ்டி, 3 மாச டெபாசிட், மாசம் 2,000 கிலோமீட்டர் லிமிட். மானியமெல்லாம் கழிச்ச விலைதான் இது, இதுக்கு மேல முடியாதுன்னு சொல்றாங்க. எவ்ளோ குறைச்சுக் கேக்கலாம், எப்படிக் கேக்கறது? டெமோ வண்டில பேட்டரி அடி வாங்கியிருக்கும், லோன் போட்டு புதுசே எடுக்கலாம்னு வீட்டுக்காரர் பிடிவாதமா இருக்கார். எங்களுக்கு ஒசூர்லயும் ரெண்டு பார்ட்டி வர்ற மாதிரி இருக்கு, அங்கயும் போகலாமா?

பதில்: வணக்கம்மா. உங்க லெட்டர்ல விவரமெல்லாம் சரியா எழுதியிருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கே வரேன். அந்த சேல்ஸ்காரர் 24,500ங்கற நம்பரை முன்னாடி வச்சதும் நீங்க அதையே பிடிச்சுக்கிட்டு இதை 23,000 ஆக்க முடியுமா 22,500 ஆக்க முடியுமான்னுதான் யோசிக்கறீங்க, அவருக்கு வேண்டியதும் அதுதான். மாச வாடகை தானா வானத்துலேர்ந்து வர்றதில்ல. வண்டி எந்த விலைக்கு லீசுக்குள்ள போகுது, 36 மாசம் கழிச்சு அதுக்கு என்ன மதிப்பு மிஞ்சும்னு எழுதறாங்க, வட்டி எத்தனை, எத்தனை மாசம், இந்த நாலும் சேர்ந்துதான் வாடகை. உளுந்தைக் குறைச்சு தண்ணியை ஏத்தினாலும் பாத்திரம் நிறைஞ்சுதான் தெரியும், உங்களுக்குத் தெரியாததா. அதனால மொத வேலை, இந்த நாலையும் தனித்தனியா பேப்பர்ல எழுதிக் குடுங்கன்னு கேக்கறது, மெயில்லயோ வாட்ஸப்லயோ, வாயால சொன்னது கணக்குல வராது.

இப்ப விலை. 9 மாசம் ஓடின வண்டிக்கு 40,000 குறைச்சிருக்கோம்னா அது 4%. இது டிஸ்கவுண்ட்டே இல்ல. எவ்ளோ குறையணும்னு நான் சொன்னா அவர் ஒண்ணு சொல்வார், நீங்க ஒண்ணு சொல்வீங்க, பேரம் இழுத்துக்கிட்டே போகும், அதனால ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு அளவு வேணும். அது இன்சூரன்ஸ்ல இருக்கு. ஐடிவின்னு சொல்வாங்க, வண்டி திருடு போச்சு இல்ல மொத்தமா நொறுங்கிப் போச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி அதிகபட்சமா குடுக்கற தொகை. மோட்டார் டாரிஃப்ல அதுக்கு வயசு வாரியா கழிவு அட்டவணையே இருக்கு: 6 மாசம் வரைக்கும் 5%, 6 மாசத்துக்கு மேல 1 வருஷம் வரைக்கும் 15%, 2 வருஷம் வரைக்கும் 20%, 3 வருஷம் வரைக்கும் 30%. உங்க வண்டிக்கு 9 மாசம், அப்ப 15% கழிஞ்சு 8,50,000. இது நீங்க கண்டுபிடிச்ச நம்பர் இல்ல, டீலர் தினமும் பாலிசி போட்டுக் குடுக்கற அதே அட்டவணைதான், அவரால இதை இல்லன்னு சொல்ல முடியாது.

இதை விலை பேசறதுக்கு மட்டும் சொல்லல, உங்க பாதுகாப்பும் இதுல இருக்கு. இப்ப அந்த வண்டிக்கு ஓடற பாலிசி புதுசா இருந்தப்ப போட்டது, அதுல 9,50,000ன்னு இருக்கும், டீலர் அதைக் காட்டி பாருங்க இன்சூரன்ஸே இவ்ளோ மதிப்பு போட்டிருக்குன்னு சொல்லலாம். ஆனா இன்னும் 3 மாசத்துல ரினியூவல் வரும், அன்னைக்கு வண்டிக்கு 1 வருஷம் தாண்டிடும், ஐடிவி 8,00,000க்கு இறங்கிடும். 9,60,000க்கு லீஸ் போட்டிருந்தீங்கன்னா அன்னைக்கு உங்க பாக்கி 9,20,000 கிட்ட நிக்கும். அந்த நேரம் பாத்து வண்டி தொலைஞ்சுதுன்னா நடுவுல இருக்கற 1,20,000 யார் தலைல விழும்? லீஸ் அக்ரிமெண்ட்ல உங்க தலைலன்னுதான் எழுதியிருப்பாங்க. அதனால வண்டி லீசுக்குள்ள போற விலை அன்னைக்கு உள்ள ஐடிவிக்கு மேல இருக்கவே கூடாது, இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

டீலர் புது விலை 10 லட்சத்தையே அடிப்படையா வச்சுப் பேசுவார் இல்லையா, அதையும் கொஞ்சம் ஆட்டிப் பாக்கலாம். இந்த சின்ன எலெக்ட்ரிக் டிரக் மார்க்கெட்ல விலை கீழ வந்துக்கிட்டே இருக்கு. டாடா ஏஸ் இவி 2023 ஜனவரில டெலிவரி ஆரம்பிச்சப்ப 9.99 லட்சம், 2024 அக்டோபர்ல மஹிந்திரா ஸியோ 7.52 லட்சத்துல வந்துச்சு, 2025 ஜூன்ல டாடாவே ஏஸ் ப்ரோ இவியை 6.5 லட்சத்துல இறக்கிட்டாங்க. எல்லாம் ஒரே சைஸ் இல்ல, பேட்டரி வேற, ஏத்தற எடை வேற, ஏஸ் ப்ரோ 750 கிலோதான், நீங்க மாவு ஏத்தறவங்க, மாவு கனம், அதனால அதை எடுங்கன்னு நான் சொல்லல. ஆனா உங்க வண்டிக்குப் பக்கத்துல நிக்கற புது வண்டி ஒண்ணு ரெண்டோட கொட்டேஷனைக் கைல வச்சுக்கிட்டுப் போனீங்கன்னா அந்த 10 லட்சம் ரொம்ப நேரம் 10 லட்சமா நிக்காது.

மானியம் கழிச்ச விலைன்னு சொன்னார்ல, அதைக் கேட்டதும் எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. மத்திய அரசோட பிஎம் இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபர்ல வந்துச்சு, அதுல டிரக்குக்கு உதவித்தொகை இருக்கறது உண்மை, 2025 ஜூலைல விவரம் சொன்னாங்க, ஒரு வண்டிக்கு 9.6 லட்சம் வரைக்கும்கூட உண்டு, ஆனா அது என்2, என்3 வகைக்கு மட்டும், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல இருக்கற பெரிய டிரக்குங்களுக்கு, அதுவும் பழைய வண்டியை ஸ்கிராப் பண்ணின சர்டிஃபிகேட் வேணும். உங்க மினி டிரக் 3.5 டன்னுக்குக் கீழ, அந்தக் கணக்குலயே வராது. எந்தத் திட்டத்துல, எவ்ளோ, யார் பேர்ல வாங்கினீங்கன்னு அமைதியா கேளுங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுடும்.

ஜிஎஸ்டில ஒரு விஷயம் இருக்கு, இதை முக்காவாசி பேர் கேக்கறதே இல்ல. எலெக்ட்ரிக் வண்டிக்கு ஜிஎஸ்டி 5%. 9,60,000ங்கறது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா? சேர்த்துன்னா, லீஸ் கம்பெனி டீலர்கிட்ட வண்டி வாங்கறப்ப கட்டற அந்த வரியை அவங்க இன்புட்டா எடுத்துப்பாங்க, அதாவது அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுப்பாங்க, ஏன்னா அவங்க உங்ககிட்ட வாங்கற வாடகைக்கு ஜிஎஸ்டி கட்டறாங்க. அப்ப அவங்களுக்கு வண்டியோட நிஜ அடக்கம் வரி இல்லாத விலைதான். வரி சேர்ந்த விலை மேல வாடகையைக் கணக்குப் போட்டு, அந்த வாடகை மேல மறுபடி 5% போட்டா நீங்க ஒரே வரியை ரெண்டு வாட்டி சுமக்கறீங்க. 8,50,000ல ஜிஎஸ்டியை எடுத்தா 8,09,500 மாதிரி வருது, இந்த 40,000 வித்தியாசம் மாச வாடகைல 1,300 ரூபாய்க்கு மேல குறைக்கும். வாடகை மேல வர்ற 5%ஐப் பத்தி கவலைப்படாதீங்க, காம்போசிஷன்ல (சின்ன வியாபாரிங்க விற்பனைல ஒரு சின்ன சதவீதத்தை வரியா கட்டற முறை) இல்லாம ரெகுலர் ஜிஎஸ்டில இருந்தா நீங்களும் இன்புட் எடுத்துக்கலாம், சரக்கு வண்டிக்கு அதுல தடை இல்ல, கார் மாதிரி கிடையாது. டீலரும் டெமோ வண்டி வாங்கினப்ப கட்டின வரியை ஏற்கனவே இன்புட்டா எடுத்திருப்பார், சரக்கு வண்டிக்கு அது எப்பவுமே உண்டு, 10 லட்சத்துல அது 47,600 கிட்ட. அவர் உங்களுக்குத் தந்த டிஸ்கவுண்ட் 40,000. இதை அவர்கிட்ட சொல்லிக் காட்ட வேண்டாம், மனசுல வச்சுக்கோங்க.

அடுத்தது ரெசிடியூவல், 36 மாசம் கழிச்சு வண்டிக்கு என்ன மதிப்புன்னு எழுதறது. டிஸ்கவுண்ட் காணாமப் போறது இங்கதான். சும்மா ஒரு தோராயக் கணக்கு போட்டுக் காட்டறேன், நீங்களே கால்குலேட்டர்ல தட்டிப் பாக்கலாம். விலைலேர்ந்து கடைசி மதிப்பைக் கழிச்சு 36ஆல வகுங்க, அது தேய்மானம். விலையையும் கடைசி மதிப்பையும் கூட்டி ரெண்டால வகுத்து அதுக்கு ஒரு மாச வட்டி போடுங்க, ரெண்டையும் கூட்டினா வாடகை. 14% வட்டி, 3,60,000 கடைசி மதிப்புன்னு வச்சா 9,60,000க்கு தேய்மானம் 16,667, வட்டி 7,700, மொத்தம் 24,367. அவங்க சொன்ன 24,500 கிட்டத்தட்ட வந்துடுச்சு பாருங்க, அதனால அவங்க கொட்டேஷனுக்குள்ள இப்படித்தான் ஏதோ இருக்கணும்.

இப்ப நீங்க சண்டை போட்டு 8,50,000க்கு இறக்கிட்டீங்கன்னு வைங்க. கடைசி மதிப்பை 3,40,000ன்னு எழுதினா தேய்மானம் 14,167, வட்டி 6,942, ஆக 21,100. ஆனா அவங்க டெமோ வண்டிதானே கடைசில விக்காதுன்னு சொல்லி கடைசி மதிப்பை 2,50,000 ஆக்கிட்டாங்கன்னா வாடகை 23,083. 1,10,000 குறைச்சு வாங்கியும் கைல வர்றது மாசம் 1,300 கிட்டத்தான். கடைசி மதிப்பு கொஞ்சம் குறையறது நியாயம்தான், வண்டி 9 மாசம் மூத்தது, அதை நான் ஒத்துக்கறேன், 20,000, 30,000 குறைச்சா விடுங்க, 90,000ன்னா விடாதீங்க. இதுல ஒரு திருப்பமும் இருக்கு: 36 மாசம் முடிஞ்சதும் அந்த எழுதின மதிப்புக்கே வண்டியை நீங்க வாங்கிக்கலாம்னு அக்ரிமெண்ட்ல ஷரத்து இருந்தா, கடைசி மதிப்பு குறைவா இருக்கறதுல உங்களுக்கு நஷ்டம் இல்ல, மாசம் கூடக் குடுத்தது கடைசில திரும்பி வந்துடும். அந்த ஷரத்து இல்லாம வண்டியைத் திருப்பிக் குடுத்தே ஆகணும்னா, குறைச்சு எழுதின ஒவ்வொரு ரூபாயும் உங்க பைலேர்ந்து போனது போனதுதான். அதனால வாங்கற உரிமை இருக்கா இல்லையாங்கறது முதல் கேள்வி, வாயால சார் அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்வாங்க, கூடவே சொல்ப அட்ஜஸ்ட் மாடி, அதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு கன்னடத்துல சொல்லி ஒரு சிரிப்பு வரும், நீங்களும் சிரிச்சுக்கிட்டே எழுதிக் குடுங்கன்னு கேளுங்க.

வாரண்டி. இது விலையை விட எனக்கு முக்கியமாப் படுது. டெமோ வண்டி டீலர் பேர்ல ரெஜிஸ்டர் ஆன அன்னைக்கே வாரண்டி கடிகாரம் ஓட ஆரம்பிச்சிருக்கும், உங்க கைக்கு வர்ற நாள்லேர்ந்து இல்ல. சின்ன எலெக்ட்ரிக் டிரக்குல பேட்டரிக்கு 7 வருஷம் வரைக்கும் குடுக்கற கம்பெனிங்க இருக்கு, அதுல 9 மாசம் போனா உங்களுக்கு வலிக்காது. ஆனா மோட்டார், கண்ட்ரோலர், வண்டிக்குள்ளயே இருக்கற சார்ஜர் இதெல்லாம் வண்டி வாரண்டில வரும், அது 3 வருஷம்னு வச்சுக்கோங்க, 9 மாசம் போச்சு, மிச்சம் 27 மாசம், உங்க லீஸ் 36 மாசம். கடைசி 9 மாசம் கண்ட்ரோலர் போனா உங்க காசு, அது சின்ன காசு இல்ல. அதனால வாரண்டி புக்ல என்ன தேதி போட்டிருக்குன்னு கண்ணால பாருங்க. ஒண்ணு, லீஸ் முடியற வரைக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி டீலர் செலவுல போட்டுக் குடுக்கணும், இல்லன்னா லீசை 27 மாசமா வைக்கச் சொல்லுங்க, மாச வாடகை கொஞ்சம் ஏறும் ஆனா பயம் இல்ல. பணமா டிஸ்கவுண்ட் குடுக்க முடியாது எங்க கை கட்டியிருக்குன்னு டீலர் நிக்கற இடத்துல இந்த மாதிரி விஷயங்கள்ல அவர் தாராளமா வருவார், ஏன்னா எக்ஸ்டெண்டட் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ், சார்ஜர் மாட்டித் தர்றது இதெல்லாம் அவருக்கு ஆகற அடக்கம் உங்களுக்குப் போடற விலையை விடக் கம்மி.

உங்க வீட்டுக்காரர் பயம் பாதி சரி, பாதி தேவையில்லாதது. ஸ்பெக் ஷீட்ல பேட்டரி எல்எஃப்பின்னு (லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் வகை) போட்டிருக்கான்னு பாருங்க, இந்த வகுப்பு வண்டிகள்ல அதுதான் நிறைய வருது. மாசம் 1,690 கிலோமீட்டர் ஓட்டறீங்க, லோடோட ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர் கிடைச்சாக்கூட மாசத்துக்கு 14 முழு சார்ஜ், 3 வருஷத்துக்கு 500 சொச்சம், டெமோல ஓடினது ஒரு 95. எல்எஃப்பி பேட்டரி ஆயிரக்கணக்குல சார்ஜ் தாங்கற ஜாதி. அது போக பெங்களூரு 900 மீட்டர் உயரத்துல இருக்கற ஊர், சென்னை வெயில் மாதிரி பேட்டரியை வேகவைக்காது. ஓடினதால பேட்டரி சாகாது. டெமோ வண்டிக்கு வர்ற கஷ்டம் வேற மாதிரி: வர்றவன் போறவன் எல்லாம் ஓவர்லோடு ஏத்தி ஃப்ளைஓவர்ல ஏறுமான்னு சோதிச்சிருப்பான், தினமும் ஃபாஸ்ட் சார்ஜ்லயே போட்டிருப்பாங்க, அப்புறம் யாரும் கேக்கலன்னா யார்டு மூலைல சார்ஜ் சுத்தமா இறங்கி வாரக்கணக்கா நின்னிருக்கும், இந்தக் கடைசி விஷயம்தான் மோசம்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கறது? சர்வீஸ் செண்டர் ஸ்கேனர்ல பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுக்க முடியும், சேசிஸ் நம்பரும் தேதியும் தெரியற மாதிரி பிரிண்ட் கேளுங்க. 11,400 கிலோமீட்டருக்கு 95%க்குக் கீழ காட்டினா ஏன்னு கேக்கணும், 90%க்குக் கீழன்னா நான் அந்த வண்டியைத் தொடவே மாட்டேன். ஜாப் கார்டு ஹிஸ்டரி, அதாவது சர்வீஸ்ல இதுவரைக்கும் என்னென்ன வேலை பாத்தாங்கங்கற பதிவு, முழுசா வாங்குங்க. இதுக்கெல்லாம் மேல, உங்க மாவு டப்பாவை உங்க எடைக்கு ஏத்தி, காலைல உங்க ரூட்லயே ஒரு நாள் ஓட்டுங்க, 100%ல கிளம்பி 65 கிலோமீட்டர் முடிச்சு எத்தனை மிச்சம்னு பாருங்க. டெமோ வண்டின்னு பேர் வச்சிருக்காங்க, டெமோ குடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாதே. வீட்டுக்காரரையே ஓட்டச் சொல்லுங்க, அவர் பிடிவாதம் அங்கயே குறையலாம், இல்ல அவர் சொன்னது சரின்னு தெரிஞ்சுடலாம், எப்படியா இருந்தாலும் நல்லது. வண்டியோட வந்த சார்ஜிங் கேபிள் இருக்கான்னும் பாருங்க, டெமோ வண்டில மொதல்ல தொலையறது அதுதான்.

கிலோமீட்டர் லிமிட்ல ஒரு பொறி இருக்கு. மாசம் 2,000ன்னா 36 மாசத்துக்கு 72,000, நீங்க ஓட்டப்போறது 60,840, வசதியாத்தான் தெரியுது. ஆனா அக்ரிமெண்ட்ல திருப்பித் தர்றப்ப மீட்டர் 72,000க்கு மேல இருந்தா கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய்னு எழுதியிருந்தா? மீட்டர்ல ஏற்கனவே 11,400 இருக்கு, கூட்டினா 72,240, தீபாவளி சீசன்ல ஒரு நடை கூடப் போனாலே இன்னும் தாண்டும், ஒசூர் சேர்ந்தா சொல்லவே வேண்டாம். கை மாறற அன்னைக்கு உள்ள ரீடிங்லேர்ந்துதான் கணக்குன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. அதே மாதிரி ஏற்கனவே இருக்கற கீறல், நெளிசல், டயர் தேய்மானம் எல்லாத்தையும் அவங்க ஆளையும் நிக்க வச்சு வீடியோ எடுத்து, ஒரு ஷீட்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. இல்லன்னா 3 வருஷம் கழிச்சு எவனோ டெமோல இடிச்சதுக்கு உங்ககிட்ட டிங்கரிங் பில் வரும். டெபாசிட் 3 மாசம்னா 73,500, திரும்பி வர்ற தேதியும் எழுத்துல இருக்கணும். நடுவுல வண்டியைத் திருப்பினா எவ்ளோ கட்டணும்னு ஃபோர்க்ளோசர் பக்கத்தையும் ஒரு தடவை பொறுமையா படிச்சுடுங்க.

லோனா லீசாங்கற சண்டைக்கு வரேன். எலெக்ட்ரிக் வண்டிக்கு வருமான வரில வருஷத்துக்கு 40% தேய்மானம் காட்டலாம். லோன்ல எடுத்தா அது உங்களுக்கு, லீசுல எடுத்தா வண்டி லீஸ் கம்பெனியோடது, தேய்மானமும் அவங்களுக்குத்தான், 2013ல சுப்ரீம் கோர்ட் ஐசிடிஎஸ்ங்கற கம்பெனி வழக்குல இதைச் சொல்லியாச்சு, உங்களுக்கு வாடகை செலவாக் கழியும். நீங்க விற்பனைல இத்தனை சதவீதம் லாபம்னு ப்ரிசம்ப்டிவ் முறைல கணக்கு காட்டறவங்களா இருந்தா ரெண்டுமே உங்களுக்கு வரில உதவாது, அப்ப கைலேர்ந்து போற பணத்தை மட்டும் பாருங்க. என் அபிப்ராயம் கேட்டா, புது மாடல் வர வர விலை இறங்கற சாமான், 3 வருஷம் கழிச்சு பழைய எலெக்ட்ரிக் டிரக் என்ன விலைக்குப் போகும்ங்கற தலைவலி லீஸ் கம்பெனிக்கே இருக்கட்டும், அந்த வகைல லீஸ் நல்லது. ஆனா 9,60,000க்கு லீஸ்னா அந்தத் தலைவலிக்கு நீங்களே முன்பணம் கட்டற மாதிரி, அதுக்கு வீட்டுக்காரர் சொல்ற மாதிரி புதுசே எடுத்துடலாம்.

ஒசூருக்குத் தாராளமா போகலாம், 2018 அக்டோபர்லயே பேட்டரில ஓடற சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம்னு மத்திய அரசு அறிவிச்சாச்சு, நம்பர் பிளேட் மட்டும் பச்சைல மஞ்சள் எழுத்தா இருக்கணும். ஆனா சில லீஸ் அக்ரிமெண்ட்ல கர்நாடகா எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு இருக்கும், எல்லைல இருக்கற அத்திபெலே தாண்டறதுக்கு அனுமதின்னு எழுதி வாங்கிக்கோங்க. ஆர்சில லீஸ் பதிவு ஏறணும், ஏற்கனவே ரெஜிஸ்டர் ஆன வண்டிங்கறதால ஃபார்ம் 34, டீலர் பேர்லேர்ந்து மாத்தறதுக்கு 29, 30, இந்தச் செலவு டீலரோடது, கொட்டேஷன்ல ஒளிச்சு வச்சிருக்காங்களான்னு பாருங்க. மோட்டார் வாகனச் சட்டப்படி லீசுல வண்டியைக் கைல வச்சிருக்கறவங்கதான் ஓனர், சலான் எல்லாம் உங்களுக்குத்தான் வரும், அதனால பழைய சலான் பாக்கி எதுவும் இல்லன்னு பாத்துட்டு எடுங்க. தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல எலெக்ட்ரிக் சரக்கு வண்டிக்கு 15% தள்ளுபடி 2022லேர்ந்து இருக்கு, பாலிசில கழிச்சிருக்காங்களான்னு பாருங்க. புது சரக்கு வண்டிக்கு மொத 2 வருஷம் எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) தொல்லை இல்ல, உங்களுக்கு அதுல 15 மாசம்தான் மிச்சம், அந்த எஃப்சி செலவு யாருதுன்னும் கேட்டு வைங்க.

எப்பப் போறது? மாசக் கடைசில, மார்ச்னா இன்னும் நல்லது, டீலருக்கு டார்கெட் நெருக்கும். லீஸ் கம்பெனிக்கு செப்டம்பர் கடைசி முக்கியம், அக்டோபர் மொத வாரம் தாண்டி ஓட ஆரம்பிச்ச வண்டிக்கு அந்த வருஷம் பாதி தேய்மானம்தான் கிடைக்கும், அதுக்கு முன்னாடின்னா முழு 40%, அதனால வட்டில அரை பர்சென்ட் குறைக்கச் சொல்லி அவங்ககிட்டயே தனியா பேசுங்க. டீலர்கிட்ட விலை, லீஸ் கம்பெனிகிட்ட வட்டியும் கடைசி மதிப்பும், ரெண்டையும் ஒரே டேபிள்ல கலக்க விடாதீங்க. டீலர் காட்டற ஒரே லீஸ் கம்பெனியோட நிக்காம இன்னொரு இடத்துலயும் அதே வண்டிக்கு கொட்டேஷன் வாங்குங்க.

போனதும் சேல்ஸ்காரர்கிட்ட பேசாதீங்க, அவருக்கு 40,000க்கு மேல குறைக்க அதிகாரமே இருக்காது, மேனேஜர்கிட்ட உக்காந்து நேரா 8,30,000ன்னு ஆரம்பிங்க, ஐடிவி அட்டவணையை எடுத்து வைங்க, வாரண்டில 9 மாசம் போனதைச் சொல்லுங்க, அப்புறம் பேசாம இருங்க. 8,50,000க்கு வந்து, ஜிஎஸ்டி இல்லாத விலைல கணக்கு போட்டு, கடைசி மதிப்பு 3,30,000க்குக் கீழ போகாம, வாங்கற உரிமையும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எழுத்துல குடுத்தா வாடகை 20,000 கிட்ட வரும், எடுத்துக்கோங்க. ஐடிவிக்கு மேல வேண்டாம்னு சொன்னதுக்கு ஒரே விலக்கு: முழு எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சர்வீஸ் பேக்கேஜும் சேர்த்து 8,70,000ன்னாக்கூட நான் யோசிப்பேன், ஆனா 8,50,000ஐத் தாண்டற அந்த 20,000ஐ ஐடிவி மூடாதுங்கறதால டெபாசிட்டை ஒரு மாசமா குறைக்கச் சொல்லுவேன். அதுக்கு மேல போனா நன்றி சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க, ஃபோன் நம்பரை மட்டும் குடுத்துட்டு வாங்க, டெமோ வண்டி ஒவ்வொரு மாசமும் அவருக்குத்தான் மூத்துக்கிட்டே போகுது.